விட்டுப் பிடி

போன செவ்வாய், ஆற்றுச் சரிவில்
மிதித்தேன். பெடல் அடிவரை போனது.
வண்டி நிற்கவில்லை.
முன்னால் நாற்பது பனிமான்கள்.
கியரைக் குறைத்து, பாசி மேட்டில் சக்கரத்தை ஏற்றி
எப்படியோ நிறுத்தினேன்.
முழங்கால் நடுக்கம்
இரவு சூப் ஆறும்வரை அடங்கவில்லை.

இன்று பட்டியின் ஓரம்
இரண்டு மரக்கட்டைமேல் பின்பாதியைத் தூக்கி வைத்திருக்கிறேன்.
நான்கு சக்கரம், ஐந்து கோடையின் சேறு.
பின்மார்க்கில் செப்டம்பர், பிற்பகல் மூன்று.
ஸ்பேனர் விரலோடு ஒட்டிக்கொள்கிறது.

பிரேக் பேட் இரண்டு மில்லி இருக்கிறது,
இந்தப் பனிக்காலம் ஓடும்.
டிஸ்க்கில் ஒரு கீறல், நகம் மாட்டும் ஆழமில்லை.
குழாயில் வெடிப்பு இல்லை.
சின்ன டப்பாவில்தான் சங்கதி:
கீழ்க்கோட்டுக்கும் கீழே
கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில்.
தண்ணீர் குடித்திருக்கிறது.
இந்தப் பக்கம் எதுதான் குடிக்கவில்லை.

காற்றுத் திருகில் தெளிந்த ட்யூபைச் செருகி
மறுமுனையை ஒரு ஜாம் சீசாவுக்குள் விட்டேன்.
இனி இன்னொருவர் கால் வேண்டும்.
மல்லாந்து கிடப்பவளுக்குப் பெடல் எட்டாது.

பட்டியில் இருந்தது இஸ்ஸாத் மட்டும்.
ஜூலையிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.

ஒரு கன்று, காது வெட்டாத கன்று.
என் மானின் பின்னால் ஓடியது என்று நான்,
தன் மானின் பின்னால் என்று அவன்.
அவன் கத்தி முந்திக்கொண்டது.
இப்போது அதன் இடது காதில் அவன் வீட்டுக் குறி.

"ஒரு கால் வேணும்" என்றேன், மட்கார்டைப் பார்த்து.
வந்தான். பூட்ஸைப் புல்லில் துடைத்தான். ஏறி உட்கார்ந்தான்.

அமுக்கு.
அமுக்கு.
பிடி.
திருகைக் கால் சுற்று திறந்தேன்.
ட்யூபில் குமிழிகள், மீன்முட்டை போல வரிசையாக.
மூடினேன்.
விடு.

பதினோரு வாரத்தில்
அவனிடம் நான் சொன்ன சொற்கள் இவ்வளவுதான்,
இவற்றையே திரும்பத் திரும்ப.

ஒருமுறை முந்தி விட்டுவிட்டான்.
போன காற்று உள்ளே திரும்பியது.
"நான் சொல்லலையே."
"சொன்ன மாதிரி கேட்டுச்சு."
மறுபடி முதலிலிருந்து.

டப்பா வற்றுமுன் அவனே மேலே ஊற்றினான், கேட்காமல்.
ஒரு சொட்டு சிவப்புப் பெயின்ட்மேல் விழுந்தது.
தொப்பியைக் கழற்றி அவசரமாகத் துடைத்தான்.
பெயின்டைத் தின்கிற ஆயில் அது, தெரிந்தவன்.
தொப்பி அவன் மனைவி பின்னியது.

குமிழி ஓய்ந்து தேன் நிறம் வந்தது.
பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது.

அடுத்தது பெடலின் தளர்ச்சி.
லாக் நட்டைத் தளர்த்தி, புஷ் ராடை அரைச் சுற்று.
தளர்ச்சியே இல்லாமல் இறுக்கினால்
யாரும் மிதிக்காதபோதும் பேட் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.
சுடும், தேயும்,
கருகல் வாடை வரும்வரை ஓட்டுகிறவருக்குத் தெரியாது.
சுண்டுவிரல் அகலம் விட்டேன்.

பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
உரசாமல் ஓடியது.
"மிதி."
நின்றது.

அவன் இறங்கவில்லை.
"அன்னிக்கு வெளிச்சம் சரியில்ல, ரிஸ்தென்."

ஜூலை மாதம்.
நடுராத்திரியிலும் சூரியன் எங்கள் தலைக்குமேல்
போகிற வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்த மாதம்.
வெட்டின காதின் ரத்தம் ஒவ்வொரு துளியும் தெரிந்தது எனக்கு.

எண்ணெய்க் கையைப் பாசியில் தேய்த்தேன்.
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"மூடுபனி இருந்துச்சு" என்றேன்.

கட்டையை உருவினோம்.
"மெதுவா. ஆத்துக்கு முன்னாடி ஒரு தடவை பாரு."
சரிவில் இறங்கினான்.
பின்விளக்கு எரிந்தது.
அணைந்தது.
இன்னும் கொஞ்சம் கீழே, மறுபடி எரிந்தது.